டர்பன் வீட்டு முற்றத்தில் ஒரு தொலைநோக்கி: பருவந்தோறும் வானம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டொங்காட் எனத் தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் கடற்கரையோரம் வாழும் தமிழ்க் குடும்பங்களில் தொலைநோக்கி வாங்கியவர்களும் வாங்க எண்ணுபவர்களும் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. டர்பன் ஏறத்தாழ 30 பாகை தென் அட்சரேகையில் இருக்கிறது. வேறு நேரம் குறிப்பிடாத இடங்களில் இரவு 9 மணி வானத்தையே சொல்கிறோம்.

நகர வெளிச்சத்துக்கு நடுவே, முற்றத்திலிருந்து பார்க்க என்னதான் இருக்கிறது?

நிலாவையும் கோள்களையும் இரட்டை விண்மீன்களையும் தெரு விளக்கு அதிகம் கெடுப்பதில்லை. பிரகாசமான விண்மீன் கொத்துகளும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். அடிபடுவது மங்கலான விண்மீன் மண்டலங்களும், நெபுலாக்கள் எனப்படும் வாயு, தூசு முகில்களுமே. அந்த இழப்பை ஈடுசெய்யும் ஒன்று நம்மிடம் இருக்கிறது. பால்வெளி மண்டலத்தின் மையம், குளிர்கால இரவுகளில், ஏறக்குறைய நம் உச்சந்தலைக்கு மேலேயே கடந்து செல்கிறது. ஐரோப்பாவில் அதைத் தொடுவானத்துப் புழுதிக்குள் தேட வேண்டியிருக்கும். சென்னையில் தென்சிலுவையின் அடி விண்மீன் 14 பாகை உயரத்துக்கு மேல் ஏறாது. டர்பனில் 57 பாகை வரை ஏறுகிறது. பாரிசில் இருந்தபடி வானியலாளர் சார்ல் மெசியே தொகுத்த புகழ்பெற்ற 110 பொருள்களின் பட்டியலில் வானத்தின் மிகப் பெரிய இரண்டு கோளகக் கொத்துகளான (உருண்டையாகத் திரண்ட விண்மீன் கூட்டங்களான) ஒமேகா சென்டாரியும் 47 டுகானேவும் இடம்பெறவில்லை. அவை அவர் பார்வைக்கு எட்டாத தெற்கில் இருந்தன. நமக்கோ அவை முற்றத்துப் பொருள்கள்.

முதலில் எந்தத் தொலைநோக்கியை வாங்குவது?

கண்ணாடி அகலம் 150 அல்லது 200 மில்லிமீட்டர் உள்ள டாப்சோனியன் வகையைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறோம். அது தரையில் வைத்துக் கையால் திருப்பும் எளிய அமைப்பு. மின்சாரமும் வேண்டாம், முக்காலியும் வேண்டாம். பெட்டியின் மேல் "525 மடங்கு பெரிதாக்கும்" என்று அச்சிட்டு விற்கப்படும் சிறிய கருவிகளைத் தவிர்த்துவிடுங்கள். தொலைநோக்கியின் பலம் எத்தனை ஒளியைத் திரட்டுகிறது என்பதில்தான் இருக்கிறது, உருப்பெருக்கத்தில் இல்லை. உருப்பெருக்கத்தை நீங்களே கணக்கிடலாம்: தொலைநோக்கியின் குவியத் தூரத்தைக் கண்ணருகு லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் போதும். 1200 மில்லிமீட்டர் குவியத் தூரமுள்ள கருவியில் 25 மில்லிமீட்டர் லென்ஸைப் பொருத்தினால் 48 மடங்கு. 10 மில்லிமீட்டர் லென்ஸைப் பொருத்தினால் 120 மடங்கு. இந்த இரண்டு லென்ஸ்களோடு ஓராண்டு முழுவதையும் மனநிறைவாகக் கழிக்கலாம்.

பணம் போதாது என்றால் 10×50 (10 மடங்கு பெரிதாக்கும், 50 மில்லிமீட்டர் முன்லென்ஸ் உள்ள) பைனாகுலர் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். மட்டமான தொலைநோக்கியைவிட நல்ல பைனாகுலர் பல மடங்கு மேல்.

எந்த மாதத்தில் தொடங்கினால் நல்லது?

மே மாதத்தில். டர்பனின் மழைக்காலம் ஏறத்தாழ அக்டோபரில் தொடங்கி மார்ச் வரை நீடிக்கிறது. அந்த மாதங்களில் பகலெல்லாம் தெளிவாக இருந்துவிட்டு மாலையில் மேகம் திரண்டுவிடுவது வழக்கம். மே முதல் ஆகஸ்ட் வரை காற்று வறண்டு இரவுகள் தொடர்ந்து தெளிவாக இருக்கும். ஜூனில் மாலை 5 மணி தாண்டியதும் சூரியன் மறைந்து, 6.30க்கெல்லாம் முழு இருள் வந்துவிடுவதால், பள்ளி செல்லும் பிள்ளைகளும் தூக்கம் கெடாமல் பார்க்கலாம். டிசம்பரில் சூரியன் மறையவே 7 மணி ஆகிவிடும், இரவு 8.30 வரை வானம் முழுதாக இருண்டிருக்காது. கிறிஸ்துமஸ் பரிசாகத் தொலைநோக்கி பெற்ற பல பிள்ளைகள் ஒரு மாதத்துக்குள் ஆர்வம் இழப்பதற்குக் கருவியைவிட இந்த மேகமும் தாமதமான இருளும்தான் காரணம் என்று நம்புகிறேன். அவர்களிடம் மே மாதம் வரை பொறுக்கச் சொல்லுங்கள்.

குளிர்காலத்தில் எவற்றைப் பார்க்க வேண்டும்?

இந்தக் கேள்விக்கு நீண்ட விடை தேவை. நம் வானத்தின் செல்வமெல்லாம் இந்த மாதங்களில்தான் குவிந்திருக்கிறது.

மே மாத நடுவில் தெற்கு நோக்கி நின்றால் தென்சிலுவை நிமிர்ந்து நிற்கும். அதன் இடப்புறம் இரண்டு பிரகாசமான விண்மீன்கள் இருக்கும். அவற்றில் சிலுவைக்குத் தொலைவில் இருப்பது ஆல்ஃபா சென்டாரி. வெறுங்கண்ணுக்கு அது ஒன்றாகத் தெரியும். தொலைநோக்கியில் 100 மடங்குக்கு மேல் பெரிதாக்கிப் பார்த்தால், மஞ்சள் நிறத்தில் ஒன்றும், சற்றே ஆழ்ந்த நிறத்தில் மற்றொன்றுமாக இரண்டாகப் பிரியும். இவ்விரண்டும் ஒன்றையொன்று சுற்றிவர ஏறத்தாழ 80 ஆண்டுகள் ஆகின்றன. 2016ஐ ஒட்டி நமக்கு மிக நெருங்கித் தெரிந்த அவை இப்போது ஆண்டுக்கு ஆண்டு விலகி வருவதால் பிரித்துக் காண்பது எளிதாகிக்கொண்டிருக்கிறது. இவற்றோடு சேர்ந்த மூன்றாவது விண்மீனான ப்ராக்சிமாதான் சூரியனுக்கு அடுத்தபடியாக நமக்கு மிக அருகிலுள்ள விண்மீன். 4.24 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள அதனை 1915இல் கண்டறிந்தவர் ஜோகன்னஸ்பர்க் வான்காணகத்தில் பணியாற்றிய ராபர்ட் இன்னஸ்.

சிலுவையின் இடப்பக்க விண்மீனுக்கு மிக அருகில் நகைப்பெட்டி என்னும் கொத்து இருக்கிறது. 48 மடங்கில் பாருங்கள்: நீலம் கலந்த வெண்மையான விண்மீன்கள் ஆங்கில 'ஏ' எழுத்தைப் போல அடுக்கியிருக்க, நடுவே ஒன்று மட்டும் செம்மஞ்சளாக ஒளிரும். அந்த நிறவேறுபாடு கண்ணுக்குப் பிடிபடச் சில நொடிகள் ஆகலாம். சற்றே குவியத்தைக் கலைத்துப் பார்த்தால் நிறம் இன்னும் தெளிவாகும்.

மே மாத இறுதியில் ஒமேகா சென்டாரி தெற்கே உயர்ந்து நிற்கும். ஏறத்தாழ 17,000 ஒளியாண்டுத் தொலைவில், ஒரு கோடி அளவிலான விண்மீன்கள் திரண்ட உருண்டை அது. முதல் பார்வையில் பஞ்சுபோன்ற ஒளித்திட்டாகத் தெரியும். நேராக உற்றுப் பார்க்காமல் பார்வையைச் சற்று ஓரமாக வைத்து ஒரு நிமிடம் பொறுத்திருந்தால், ஓரங்களில் இருந்து தொடங்கி நடுப்பகுதி வரை நுண்ணிய புள்ளிகளாக அது உடையத் தொடங்கும். 200 மில்லிமீட்டர் கருவியில் இதைப் பார்த்த எவரும் பிறகு கருவியின் விலையைப் பற்றிப் பேசிக் கேட்டதில்லை.

ஜூலை நடுவில் விருச்சிகம் உச்சிக்கு வந்துவிடும். ஆடி மாதத்தில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாட்களில், கோயிலிலிருந்து திரும்பும் வழியில் தலையை நிமிர்த்தினாலே போதும்: கேட்டையின் சிவப்பும், மூலத்தில் முடியும் வளைந்த வாலும் நேர் மேலே கிடக்கும். வாலுக்கு அப்பால் மெசியே 6, மெசியே 7 என்னும் இரு கொத்துகள் பைனாகுலருக்கே அழகாக அமைந்தவை. ஆகஸ்ட் தொடக்கத்தில் தனுசு ராசி உச்சியில் நிற்கும்போது லகூன் நெபுலாவைக் குறைந்த உருப்பெருக்கத்தில் தேடுங்கள். சாய்வு நாற்காலியில் படுத்தபடி வெறும் பைனாகுலரோடு இந்தப் பகுதியைத் துழாவுவது தொலைநோக்கிக்குச் சற்றும் குறைந்த இன்பமன்று.

கோடையில் கருவியை மூடி வைத்துவிடலாமா?

வேண்டாம், மேகம் விலகும் நாட்களைப் பயன்படுத்திக்கொள்ளும் வகையில் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருங்கள். மழை பெய்து ஓய்ந்த இரவில் காற்றிலுள்ள தூசு அடங்கி வானம் கழுவிவிட்டாற்போல் இருக்கும். ஜனவரி இறுதியில் மிருகசீரிடமும் திருவாதிரையும் அடங்கிய ஓரியன் வடக்கே தலைகீழாக நிற்கும். அதன் நெபுலா எந்தக் கருவியிலும் ஏமாற்றாது. தெற்கே பெரிய மகெல்லன் மேகம் அதே வேளையில் உயர்ந்திருக்கும். ஏறத்தாழ 1,60,000 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள அந்த விண்மீன் மண்டலத்தில் டரான்டுலா நெபுலாவை முற்றத்திலிருந்தே காண முடியும். 1987 பிப்ரவரியில் வெறுங்கண்ணுக்கே தெரிந்த சூப்பர்நோவா (தன் வாழ்வின் முடிவில் வெடிக்கும் விண்மீன்) வெடித்ததும் இந்த மேகத்தில்தான்.

பிப்ரவரி தொடக்கத்தில் அகத்திய நட்சத்திரம் தெற்கே 67 பாகை உயரத்தில் நிற்கும். தமிழ்நாட்டில் தெற்கே தாழ்வாகவே பார்த்துப் பழகிய அகத்தியர் இங்கே நம் தலைக்கு மேல் ஏறி வருகிறார்.

மார்ச், ஏப்ரலில் கரினா நெபுலாவைத் தவறவிடாதீர்கள். அதனுள் இருக்கும் ஈட்டா கரினே என்னும் விண்மீன் திடீரெனப் பிரகாசமடைந்ததை 1837 டிசம்பரில் கேப் டவுனிலிருந்து வானியலாளர் ஜான் ஹெர்ஷல் கண்டு பதிவு செய்தார். 1843இல் அது வானத்தின் இரண்டாவது பிரகாசமான விண்மீனாக இருந்தது. இப்போது தொலைநோக்கியில் செம்மஞ்சள் நிறத்தில், மற்ற விண்மீன்களைப் போல் கூர்மையான புள்ளியாக இராமல் சற்றே பூசினாற்போல் தெரியும். அந்தப் பூச்சுதான் அன்றைய வெடிப்பில் வெளியேறிய பொருள்.

புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் தென்சிலுவை எங்கே போகிறது?

அது தெற்குத் தொடுவானத்துக்குள் இறங்கிவிடுகிறது. நவம்பர் நடுவில் அதன் அடி விண்மீன் 3 பாகை உயரத்திலும், தலை விண்மீன் தொடுவானத்துக்குக் கீழும் இருக்கும். அதற்கு நேர் எதிரே, சின்ன மகெல்லன் மேகத்தின் பக்கத்தில், 47 டுகானே உயர்ந்து நிற்கும். ஒமேகா சென்டாரி அளவில் பெரிது என்றாலும், நடுவில் ஒளி இறுகித் திரண்டிருக்கும் 47 டுகானேதான் அழகில் ஒரு படி மேல் என்பது என் தனிப்பட்ட தீர்ப்பு. தீபாவளி அமாவாசையை ஒட்டி வருவதால் நிலவொளி இல்லாத இரவு அப்போது கிடைக்கும். பட்டாசுப் புகை அடங்கிய மறுநாள் இரவே பார்ப்பதற்கு ஏற்றது.

துருவ நட்சத்திரமும் அருந்ததியும் இங்கிருந்து தெரியுமா?

துருவ நட்சத்திரம் தெரியாது. சென்னையில் 13 பாகை உயரத்தில் நிற்கும் அது, நிலநடுக்கோட்டைத் தாண்டியதும் வடக்கே கடலுக்குள் மறைந்துவிடும். சென்னையில் ஏறி 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறையை அடைந்த ட்ரூரோ கப்பலின் ஒப்பந்தத் தொழிலாளர்களும் அந்த நட்சத்திரத்தை வழியிலேயே இழந்திருப்பார்கள்.

சப்தரிஷி மண்டலத்தின் ஏழு விண்மீன்களில் ஒன்று டர்பனில் ஒருபோதும் எழாது. வசிட்டரும் அருந்ததியும் மே இறுதியில் வடக்கே 5 பாகை உயரம் வரை மட்டும் எட்டிப்பார்ப்பார்கள். வடக்கே தடையில்லாத மேட்டுநிலமும் தெளிந்த காற்றும் வாய்த்தால் பைனாகுலரில் பிடித்துவிடலாம். திருமணத்தின்போது மணமக்களுக்கு அருந்ததி காட்டும் திசையில், ஆண்டின் பெரும்பகுதி இரவுகளில், இங்கே அந்த விண்மீன் இருப்பதில்லை என்பதைப் புரோகிதர்களும் அறிந்திருந்தால் நல்லது.

தென்துருவத்தைக் குறிக்கப் பிரகாசமான விண்மீன் எதுவுமில்லை. தென்சிலுவையின் நீண்ட அச்சை அதன் நீளத்தைப் போல் நாலரை மடங்கு அடிப்பக்கமாக நீட்டினால் துருவத்தை ஒட்டி வந்து சேர்வீர்கள். அது தரையிலிருந்து 30 பாகை உயரத்தில் இருக்கும்.

பஞ்சாங்கத்தில் வரும் நட்சத்திரங்களை உண்மையாகவே வானத்தில் பார்க்கலாமா?

தாராளமாகப் பார்க்கலாம். பிள்ளைகளுக்கு வானத்தை அறிமுகம் செய்ய இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொருவருக்கும் அவரவர் பிறந்த நட்சத்திரத்தைக் காட்டுங்கள். அந்த ஒன்றை அவர்கள் மறக்கவே மாட்டார்கள். ரோகிணி, மகம், சித்திரை, சுவாதி, கேட்டை, திருவோணம் ஆகியவற்றுக்குரிய விண்மீன்கள் நகர வெளிச்சத்திலும் தெரியும். கார்த்திகைக் கூட்டத்தை ஜனவரி தொடக்கத்தில் வடக்கே 36 பாகை உயரத்தில் காணலாம். தொலைநோக்கியின் குறுகிய பார்வைப் பரப்பில் அது முழுதாக அடங்காது என்பதால் பைனாகுலரே அதற்குப் பொருத்தம்.

தைப்பூசக் காவடி நாளில் முழுநிலா கடக ராசியில், பூச நட்சத்திரத்தின் அருகே நிற்கிறது. அன்று நிலவொளியில் வேறொன்றும் தெரியாது. நிலா நிற்கும் இடத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, இரண்டு வாரம் கழித்து அதே இடத்தைக் குறைந்த உருப்பெருக்கத்தில் பாருங்கள். ஒளிமங்கிய அந்தப் பகுதியில் தேன்கூட்டுக் கொத்து என்று அழைக்கப்படும் பல பத்து விண்மீன்கள் சிதறிக் கிடக்கும்.

நிலாவைப் பார்க்க முழுநிலா நாள் தானே சிறந்தது?

அன்று மட்டும் பார்க்காதீர்கள். சூரிய ஒளி நேராக விழுவதால் முழுநிலாவில் நிழலே இராது. பள்ளமும் மேடும் தட்டையாகிவிடும். வளர்பிறை ஐந்தாம் நாள் முதல் ஒன்பதாம் நாள் வரை, ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டை ஒட்டிப் பாருங்கள்: எரிமலைவாய் போன்ற வட்டப் பள்ளங்களின் நடுச்சிகரங்கள் கரிய நிழலுக்குள்ளிருந்து ஒளிமுனையாக எழுவதைக் காணலாம். ஒரு மணி நேரம் பொறுத்துப் பார்த்தால் புதிதாக ஒரு சிகரத்தில் வெயில் ஏறியிருக்கும். வட அரைக்கோளத்தவருக்காக அச்சிடப்பட்ட நிலா வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொள்ளுங்கள். நமக்கு நிலா வடக்கே நிற்கிறது.

கோள்கள்?

வியாழனின் நான்கு பெரிய நிலவுகளும் சனியின் வளையமும் சிறிய கருவியிலேயே தெரியும். சனியின் வளையம் 2025 மார்ச்சில் நமக்கு விளிம்பு காட்டி மெல்லிய கோடானது. அதன் பின் ஆண்டுக்கு ஆண்டு தென்முகத்தைக் காட்டியபடி விரிந்து 2032ஐ ஒட்டி முழுமையாகத் திறக்கும். வியாழனும் அடுத்த சில ஆண்டுகளில் வடக்கு ராசிகளை விட்டுத் தெற்கு நோக்கி வருவதால் நம் வானத்தில் மேலும் மேலும் உயரும். கோள்களை எப்போதும் உயரத்தில் இருக்கும்போதே பாருங்கள்.

ஈரப்பனி, கரும்புச் சாம்பல், கடற்காற்று: கருவியை எப்படிக் காப்பது?

டர்பனில் பனி பெரும் தொல்லை. கருவியின் வாய்க்கு முன்னால் கறுப்பு அட்டையால் ஒரு குழாய் செய்து மாட்டினால் லென்ஸ் நனைவது வெகுவாகக் குறையும். நனைந்துவிட்டால் துடைக்காமல் தானாக உலர விடுங்கள். ஈரத்தோடு பெட்டிக்குள் வைத்தால் பூஞ்சை பிடித்துவிடும்.

ஏப்ரல் முதல் டிசம்பர் வரை நீடிக்கும் கரும்பு அறுவடையில் தோட்டத்தைக் கொளுத்தும் நாட்களில் கரிய சாம்பல் இழைகள் டொங்காட், வெருலம் பக்கத்து வீடுகளின் மேல் உதிரும். அன்று கருவியைத் திறக்கவே வேண்டாம். கருவியின் கண்ணாடி மேல் சாம்பலோ உப்போ படிந்திருந்தால் துணியால் தேய்த்துவிடாதீர்கள். மெல்லிய பூச்சில் கீறல் விழும். காற்றுப் பந்தால் ஊதிவிடுங்கள். கொஞ்சம் தூசு இருப்பது பார்வையைக் கெடுக்காது.

வீட்டுக்குள்ளிருந்து கொண்டுவந்த கருவியை அரை மணி நேரம் முன்பாகவே வெளியே வைத்துவிடுங்கள். கண்ணாடி வெளிக்காற்றின் குளிர்ச்சிக்கு வரும்வரை உருவம் அலைந்துகொண்டேயிருக்கும். கண்ணுக்கும் அதே அரை மணி நேரம் வேண்டும். அதற்குள் கைபேசித் திரையைப் பார்த்தால் இருளுக்குப் பழகிய பார்வை போய்விடும். சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச் போதும்.

சூரியனைத் தொலைநோக்கியில் பார்க்கலாமா?

கருவியின் முன்வாயில் முழுமையாகப் பொருந்தும் தரமான சூரிய வடிகட்டி இல்லாமல் ஒரு நொடிகூடப் பார்க்கக் கூடாது. பார்வை நிரந்தரமாகப் போய்விடும். கண்ணருகு லென்ஸில் திருகிப் பொருத்தும் வடிகட்டிகள் வெப்பத்தில் வெடிக்கக்கூடியவை. கையில் இருந்தால் எறிந்துவிடுங்கள். கருவியின் பக்கவாட்டில் உள்ள சிறு தேடுகுழலையும் மூடிவையுங்கள். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பகலில் கருவி வெளியே நிற்கவே வேண்டாம்.

இதை வலியுறுத்த இன்னொரு காரணமும் உண்டு. 2030 நவம்பர் 25 அன்று காலையில் முழுச் சூரிய கிரகணத்தின் பாதை டர்பன் மீது செல்கிறது. நம் வீட்டு வாசலிலேயே பகல் இருண்டு சூரியனின் ஒளிமுடி தெரியும் அந்த நாளுக்கு, சான்று பெற்ற கிரகணக் கண்ணாடியை இப்போதே திட்டமிடலாம். மழைக்காலத்தில் வருவதால், மேகம் மறைத்தால் உள்நாட்டுப் பக்கம் வண்டியை ஓட்டிச் செல்லவும் ஆயத்தமாக இருங்கள்.

வீட்டு முற்றத்திலிருந்து பார்ப்பவரால் அறிவியலுக்குப் பயன் உண்டா?

உண்டு, அதற்கு இந்த நாட்டிலேயே சான்று இருக்கிறது. பிரிட்டோரியாவில் வாழ்ந்த ஜாக் பென்னட் தொழில்முறை வானியலாளர் அல்லர். வால்மீன் தேடுவதற்காக 5 அங்குலக் கருவியால் வானத்தைத் துழாவி வந்த அவர் 1968 ஜூலையில் மெசியே 83 மண்டலத்தில் ஒரு சூப்பர்நோவாவைக் கண்ணால் பார்த்தே கண்டுபிடித்தார்; அடுத்த ஆண்டு டிசம்பர் 28 அன்று ஒரு வால்மீனையும் கண்டார். அது 1970இல் வெறுங்கண்ணுக்கே பிரகாசமாகத் தெரிந்தது. இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. தேடும்போது வால்மீன் என்று மயங்க வைக்கும் மங்கலான பொருள்களை அவர் தொகுத்த பட்டியல், தென்வானத்தைப் பார்ப்பவர்களுக்கு மெசியேயின் பட்டியலைவிடப் பொருத்தமானது.

வால்மீன் தேடலைத் தானியங்கிக் கருவிகள் ஏறக்குறைய எடுத்துக்கொண்டுவிட்டன. ஒளி மாறும் விண்மீன்களின் பிரகாசத்தை அருகிலுள்ள விண்மீன்களோடு ஒப்பிட்டு மதிப்பிடும் வேலையில் இன்றும் ஆர்வலர்களின் பங்களிப்பு ஏற்றுக்கொள்ளப்படுகிறது. ஒரு குறிப்பேட்டில் நாள், நேரம், கருவி, லென்ஸ், வானத்தின் தெளிவு, மதிப்பீடு ஆகியவற்றை அன்றன்றே எழுதிவையுங்கள். 1922இல் தொடங்கிய தென்னாப்பிரிக்க வானியல் சங்கத்துக்கு டர்பனிலும் கிளை இருக்கிறது. முதல் சில மதிப்பீடுகளை அனுபவமுள்ளவர் ஒருவரோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துக்கொண்டு, பின்னர் அனுப்பத் தொடங்கலாம். ஈட்டா கரினே பழகுவதற்கு நல்ல விண்மீன்: மார்ச் முதல் ஜூலை வரை மாலையில் உயரத்தில் இருக்கும், பைனாகுலரே போதும்.